பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கெடுதல் அதிகமா? அடுத்தவர் புகை பற்றி ஓர் எளிய விளக்கம்

டீக்கடையில் யாராவது தம் பற்றவைத்தால், பக்கத்தில் நிற்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "பிடிக்கிறவனை விடப் பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான்பா கெடுதல் ஜாஸ்தி." பிடிப்பவரிடமும் பதில் தயாராக இருக்கும். "அதான் அந்தப் பக்கம் திரும்பி ஊதுறேனே!"

முதலாமவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கிற இடத்தில் இல்லை. இரண்டாமவர் திரும்பி ஊதுகிறார்தான். ஆனால் அவர் கையில் இருக்கும் சிகரெட் திரும்பவில்லை. இந்த இரண்டு வசனங்களையும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இரண்டுக்கும் நடுவில் நிஜமாக என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேதியியல் படித்திருக்க வேண்டாம். விறகடுப்பைப் பார்த்திருந்தால் போதும்.

## ஊதுகுழலும் தணலும்

விறகடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதும்போது தீ தகதகவென்று எரியும், புகை குறையும். ஊதுவதை விட்டுவிட்டு அம்மா அம்மிக்குப் போனால் தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும். அப்போதுதான் கண்ணைக் கரிக்கிற புகை கிளம்பி வீட்டைச் சுற்றி வரும். விறகு அதேதான், அடுப்பும் அதேதான். மாறியது காற்று மட்டும். காற்று போதாத நெருப்பால் விறகை முழுதாக எரிக்க முடிவதில்லை. பாதி வெந்த பண்டமாக அதை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் பாதி வேக்காடுதான் புகை.

சிகரெட்டும் ஒரு குட்டி அடுப்புதான். பிடிப்பவர் இழுக்கும்போது காற்று நுனி வழியாக உள்ளே பாய்கிறது. நுனியின் வெப்பம் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. இழுப்பை நிறுத்தியதும் அது 600 டிகிரி அளவுக்கு இறங்கி, கனன்றபடி இருக்கிறது. ஒரு சிகரெட்டைப் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இழுப்பு இரண்டு விநாடி. மொத்தம் அரை நிமிடம்கூட இல்லை. மீதி ஏழெட்டு நிமிடமும் சிகரெட் விரலிடுக்கிலோ சாம்பல் கிண்ணத்திலோ சும்மா கனன்றுகொண்டிருக்கிறது. ஊதுகுழல் இல்லாத அடுப்பு மாதிரி.

இப்போது மூன்று பெயர்கள். பிடிப்பவர் சிகரெட் வழியாக வாய்க்குள் இழுப்பது முதன்மைப் புகை. இழுப்புகளுக்கு நடுவே நுனியிலிருந்து தானாக எழுவது பக்கப் புகை. இந்தப் பக்கப் புகையும், பிடித்தவர் வெளியே ஊதிவிடும் மிச்சமும் அறைக் காற்றில் கலந்து கிடைப்பதுதான் இரண்டாம் நிலைப் புகை. நான் இங்கே அதை அடுத்தவர் புகை என்றே எழுதுகிறேன், வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும்.

அந்தக் கலவையில் சுமார் 85 சதவீதம் பக்கப் புகை. ஊதிவிட்டது மீதி 15 சதவீதம்தான். திரும்பி ஊதுகிறவர் அந்தப் பதினைந்தைத்தான் திருப்புகிறார்.

ஃபில்டர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அந்தப் பஞ்சு இருப்பது வாய்ப் பக்கத்தில். நெருப்பு இருப்பது மறுமுனையில். வாய்க்குப் போகும் புகையில் கொஞ்சத்தை அது பிடித்து வைக்கலாம். நுனியிலிருந்து எழும் பக்கப் புகை அந்தப் பஞ்சைப் பார்ப்பதே இல்லை. 'லைட்' என்று எழுதிய பெட்டியை வாங்கி வந்து பக்கத்தில் இருப்பவருக்குச் சலுகை காட்டியதாக நினைத்தால், அது வெறும் அட்டைப்பெட்டிச் சலுகை.

பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைக்கத் தொங்கவிட்டிருப்பார்களே ஒரு கயிறு, நாள் முழுக்க நுனியில் கனன்றுகொண்டே இருக்கும். அதைக் கொளுத்திவிட்டு யாரும் இழுப்பதில்லை. ஆனாலும் கடைக்காரர் கண் சிவந்துதான் இருக்கும்.

இதுவரை சொன்னது: அடுத்தவர் புகையில் பெரும்பங்கு வாயிலிருந்து வருவதில்லை, நுனியிலிருந்து வருகிறது. அது குறைந்த சூட்டில், காற்றுப் போதாமல், வடிகட்டி இல்லாமல் வருகிறது.

## புகை வெறும் வாயு இல்லை

கொதிக்கிற ரசத்தின் மேலே தெரியும் வெண்மையை ஆவி என்கிறோம். கண்ணுக்குத் தெரிவது உண்மையில் மிகச் சிறிய நீர்த்துளிகள். நிஜ நீராவி கண்ணுக்குத் தெரியாது. சிகரெட் புகையும் அப்படித்தான். நாம் பார்க்கும் நீல நிறச் சுருள் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய துளிகளின் கூட்டம். அதோடு கண்ணுக்குத் தெரியாத வாயுக்களும் சேர்ந்தே வருகின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் ஜன்னல், ஏசி விவகாரமெல்லாம் சுலபமாகிவிடும்.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை என்று எங்கும் எழுதியிருக்கும். கணக்கு சரிதான். ஆனால் 7,000 என்ற எண்ணைக் கேட்டு மலைப்பதில் பயனில்லை. வறுத்த காபிக்கொட்டை மணத்திலும் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. எத்தனை என்பதை விட எவை என்பதுதான் கேள்வி. சிலதை மட்டும் பார்ப்போம்.

முதலில் துளிகள். காற்று மாசு பற்றிய செய்திகளில் பி.எம். 2.5 என்று வருகிறதே, அது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்களைக் குறிக்கும் பெயர். நம் தலைமுடியின் தடிமன் ஐம்பது அறுபது மைக்ரோமீட்டர் இருக்கும். சிகரெட் புகைத் துளிகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மூக்கிலுள்ள முடியும் தொண்டைச் சளியும் தெருப் புழுதியைப் பிடிக்கும். இவ்வளவு சிறியதைப் பிடிக்காது. நேராக நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும்.

அந்தத் துளிகளில் இருக்கும் ஒட்டும் பசைக்குத் தார் என்று பெயர். ரோட்டில் ஊற்றும் தார் வேறு, அது பெட்ரோலியத்தின் கடைசிச் சக்கை. புகைத் துளிகளிலிருந்து தண்ணீரையும் நிக்கோட்டினையும் கழித்தால் மிஞ்சும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் சிகரெட் தார். எதையும் கருக்கினால் உண்டாகும் பென்சோபைரீன் வகைப் பொருள்கள் இதில் இருக்கின்றன. புகையிலைக்கே உரிய நைட்ரோசமின்களும் இருக்கின்றன. இந்த நைட்ரோசமின்கள் கவனிக்க வேண்டியவை. புகையிலையைப் பதப்படுத்தும்போதும் எரிக்கும்போதும், நிக்கோட்டினும் அதன் உறவுக்காரப் பொருள்களும் மாறி உண்டாகும் புற்றுநோய்க் காரணிகள் இவை. ஊதுவத்தியிலோ விறகிலோ இவை வருவதில்லை. ஏனென்றால் அவற்றில் நிக்கோட்டின் இல்லை.

அப்புறம் வாயுக்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆட்டோ என்று வைத்துக்கொண்டால், கார்பன் மோனாக்சைடு ஏறிய பிறகு இறங்க மறுக்கும் பயணி. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. கண்ணையும் தொண்டையையும் எரிப்பவை வேறு. அக்ரோலின் நமக்குப் பழக்கமானதுதான், வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் குத்துவதில் அதற்குப் பங்குண்டு. ஃபார்மால்டிஹைடு, மருத்துவக் கல்லூரிகளில் உடல்களைப் பதப்படுத்தும் திரவத்தின் மூலப்பொருள். பென்சீன் பெட்ரோலில் இருப்பது, ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது. அம்மோனியா, முதன்மைப் புகையில் இருப்பதை விடப் பக்கப் புகையில் பல மடங்கு அதிகம். எரியும் நுனிக்கு அருகே மூக்கு சுரீர் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவை போக, புகையிலைச் செடி மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் இலையில் சேர்த்து வைக்கும் காட்மியம், கதிரியக்கமுள்ள பொலோனியம் 210 எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றில் இறங்கினால் கட்டுரை நீளும்.

சுருக்கமாக: கண்ணுக்குத் தெரியும் துளிகள் ஒரு பாதி, தெரியாத வாயுக்கள் மறுபாதி. மணம் வருவதை வைத்தோ வராததை வைத்தோ இவற்றை அளக்க முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. மற்றவற்றுக்கு நம் மூக்கு பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

## பத்துக்குப் பத்து அறையில் ஒரு கணக்கு

வேலை தேடிச் சென்னைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. அறைத் தோழர் நல்ல மனிதர், தினம் நாலு சிகரெட் பிடிப்பார். "நாலுதானே" என்பார். அப்போது எனக்குத் தெரியாத கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன்.

அந்த அறையின் கொள்ளளவு 1,000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். ஒரு சிகரெட் வெளியே விடும் நுண்துகள் தோராயமாகப் பத்து மில்லிகிராம். பத்து மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம். அதை 28 கன மீட்டரில் பரப்பினால், கன மீட்டருக்குச் சுமார் 350 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பி.எம். 2.5இன் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்திய அரசின் தர அளவு 60.

கொஞ்சம் பொறுங்கள், இந்த ஒப்பீடு நியாயமில்லை. 350 என்பது அந்த நேரத்து அளவு. 15 என்பது நாள் முழுதுக்குமான சராசரி. புகை கலைந்தும் போகிறதே. சரி, கலைவதையும் சேர்த்துப் பார்ப்போம். ஜன்னல் சாத்திய அறையில் இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு அறை அளவு காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'மாறுகிறது' என்றதும் ஒரு மணி நேரத்தில் அறை சுத்தமாகிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. சாயத் தண்ணீர் நிறைந்த வாளியில் ஒரு பக்கம் நல்ல தண்ணீர் விழ, மறுபக்கம் வழிந்து போகிற கதை இது. வழிவது கலந்த தண்ணீர்தான். ஒரு வாளி நல்ல தண்ணீர் விழுந்து முடிந்த பிறகும் 37 சதவீதச் சாயம் வாளியில் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து 14 சதவீதம், மூன்று மணி நேரம் கழித்து 5 சதவீதம்.

இப்படி மெல்ல மெல்லக் கரைவதையெல்லாம் கூட்டி 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால், ஒரு சிகரெட்டின் பங்கு நாள் சராசரியில் கிட்டத்தட்ட 15. ஒரே ஒரு சிகரெட், உலக சுகாதார அமைப்பு அந்த நாளுக்கு ஒதுக்கிய மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறது. நாலு சிகரெட் என்றால் 60, இந்திய வரம்பும் காலி. இதில் திருவல்லிக்கேணித் தெருப் புகை சேரவில்லை.

இது தோராயக் கணக்கு. ஜன்னலைத் திறந்தால் காற்று நாலைந்து மடங்கு வேகமாக மாறும், எண்ணும் அதே அளவுக்கு இறங்கும். பெரிய கூடத்தில் இன்னும் குறையும். காருக்குள் நேர்மாறு, மூன்று நான்கு கன மீட்டர் இடத்தில் அதே பத்து மில்லிகிராம்.

இந்த இடத்தில் ஒருவர் கொசுவத்தியைக் கொண்டு வருவார், கொண்டு வரட்டும். 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் விடுகிறது என்று கண்டது. சுருள் பல மணி நேரம் எரியும் என்றாலும், மூடிய படுக்கையறைக்கு அது நல்ல செய்தி இல்லை. ஆனால் அதில் நிக்கோட்டினும் புகையிலை நைட்ரோசமினும் இல்லை. துகள் எடை ஒரு அளவுகோல், அவ்வளவுதான். கொசுவத்தி மோசம் என்பதால் சிகரெட் நல்லது ஆகிவிடாது. இரண்டும் ஒரே அறையில் எரிந்தால் கூட்டல்தான்.

## ஜன்னல், ஃபேன், ஏசி

ஃபேன் காற்றை மாற்றுவதில்லை, கலக்குகிறது. மூலையில் இருந்த புகையை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த சுருள் கலைந்துவிடுவதால் புகை போய்விட்டது போலத் தோன்றும். பத்து மில்லிகிராமும் அறையிலேயேதான் இருக்கும்.

ஏசி இன்னும் ஏமாற்றும். வீடுகளில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதே இல்லை. அறையிலிருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பி விடுகிறது. அதிலிருக்கும் வலை தூசிக்கானது. ஒரு மைக்ரோமீட்டர் துளியை அது பிடிக்காது. வாயுவை நிச்சயமாகப் பிடிக்காது. ஏசி போட வேண்டும் என்பதற்காகக் கதவு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். வாளியில் நல்ல தண்ணீர் விழுவதும் நின்றுபோகிறது. காற்று சுத்திகரிப்பான் கொஞ்சம் தேவலை. ஹெப்பா என்னும் நெருக்கமான வடிகட்டி துளிகளைப் பிடிக்கும். வாயுக்களுக்குக் கரி வடிகட்டி தனியாக வேண்டும், கார்பன் மோனாக்சைடு அதற்கும் அடங்காது.

விமான நிலையங்களில் கண்ணாடி அறை ஒன்றுக்குள் சிலர் நின்று பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும், வெளியே வருபவரோடு ஒரு மடக்குப் புகையும் வருகிறது. ஆஷ்ரே என்று ஓர் அமைப்பு, உலகெங்கும் ஏசி, காற்றோட்டப் பொறியாளர்கள் பின்பற்றும் தரங்களை வகுப்பது. காற்றோட்டத்தை விற்றுப் பிழைக்கும் தொழிலின் அமைப்பு என்றே சொல்லலாம். அதுவே 2005இல், காற்றோட்டத்தால் இந்த ஆபத்தை நீக்க முடியாது, உள்ளே பிடிக்காமல் இருப்பது ஒன்றே வழி என்று எழுதிவிட்டது.

பால்கனி? அறைக்குள் பிடிப்பதை விட நிச்சயம் மேல். ஆனால் பால்கனிக் கதவு திறந்திருந்து காற்று உள்பக்கம் வீசினால், புகை வீட்டுக்குள்தான் வரும். மாடி வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

## அந்த டீக்கடை வசனம் சரியா?

இப்போது முதல் வசனத்துக்கு வரலாம். ஒரு கிராமுக்கு ஒரு கிராம் ஒப்பிட்டால், பக்கப் புகை முதன்மைப் புகையை விட நச்சு கூடியது. இதை முதலில் விரிவாக அளந்தவர்கள் யார் தெரியுமா? பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம். ஜெர்மனியில் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான ஆய்வுக்கூடத்தில் 1980களில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவுகளை ஊருக்குச் சொல்லவில்லை. வழக்குகளால் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைத் தோண்டியெடுத்து 2005இல் வெளியிட்டார்கள். மூச்சில் இழுக்கும்போது பக்கப் புகை, எடைக்கு எடை, முதன்மைப் புகையை விடச் சுமார் நாலு மடங்கு நச்சு என்று அந்த எலிச் சோதனைகள் காட்டியிருந்தன.

ஆக வசனம் சரியா? இல்லை. மருந்துக் கடையில் வீரியம் வேறு, அளவு வேறு. பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது வீரியம் கூடியதுதான். ஆனால் அறைக் காற்றில் கரைந்து, மிகச் சிறிய அளவாக வருகிறது. பிடிப்பவர் நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறார். அதோடு அதே அறையில் நின்று அடுத்தவர் புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார், இரண்டு பங்கும் அவருக்கு. சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிடிக்காதவரை விட 15 முதல் 30 மடங்கு. பிடிக்காமல் அடுத்தவர் புகையில் வாழ்பவருக்கு அது 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. மடங்கும் சதவீதமும் ஒன்றல்ல. பக்கத்தில் இருப்பவரின் நிலை மோசம், பிடிப்பவரின் நிலை படுமோசம்.

இதயத்தில்தான் கணக்கு விசித்திரமாகிறது. பிடிப்பவருக்கு மாரடைப்பு நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நாலு மடங்கு. பக்கத்தில் இருப்பவருக்கு 25 முதல் 30 சதவீதம் கூடுதல். இழுக்கும் புகை அவ்வளவு குறைவாக இருக்கும்போது கேடும் அதே விகிதத்தில் குறைய வேண்டாமா? குறையவில்லை. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் முதல் சொட்டு விழுந்ததும் நிறம் பளிச்சென்று மாறும். பத்தாவது சொட்டுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ரத்தக்குழாய் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சிறிதளவு புகையே, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை ஒட்டும் தன்மை உடையவையாக்குகிறது, குழாயின் உள்சுவர் தளர்ந்து விரியும் திறனைக் குறைக்கிறது. 2001இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், பிடிக்காத ஆரோக்கியமானவர்களை 30 நிமிடம் புகை அறையில் உட்கார வைத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் தேவைப்படும்போது ரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளும் திறன், அந்த அரை மணி நேரத்தில், வழக்கமாகப் பிடிப்பவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது.

இந்தப் பகுதியின் சாரம்: பக்கப் புகைக்கு வீரியம் அதிகம், பிடிப்பவருக்கு அளவு அதிகம். மொத்தக் கேடு பிடிப்பவருக்கே கூடுதல். ஆனால் சிறிய அளவுக்கே இதயம் பெரிதாகப் பதில் சொல்கிறது. 'கொஞ்சம்தானே' என்ற வாதம் அங்கே எடுபடாது.

## பிடிக்காத மனைவிகள்

இவையெல்லாம் ஊகமில்லை என்று எப்படித் தெரிந்தது? 1981இல் தகேஷி ஹிரயாமா என்ற ஜப்பானிய நோய்ப்பரவல் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜப்பானில் சிகரெட்டே பிடிக்காத 91,540 மனைவிகளை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. கணவன் எவ்வளவு அதிகமாகப் பிடித்தாரோ, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் மரணம் நேரும் வாய்ப்பும் அவ்வளவு கூடியிருந்தது. சிகரெட் நிறுவனங்கள் அந்த ஆய்வைப் பலமாக எதிர்த்தன. அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இல் கூடி, அடுத்தவர் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்தது.

அளப்பதற்கு இன்னொரு வழி, உடம்பிடமே கேட்பது. உடலுக்குள் போன நிக்கோட்டின் ஓரிரு மணி நேரத்தில் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. கோட்டினின் ஒரு நாளுக்கு மேல் தங்கும். எச்சிலிலும் சிறுநீரிலும் அளக்கலாம். சிகரெட்டைத் தொடாதவர் எச்சிலில் அது இருந்தால், அவர் யாருடைய புகையையோ சுவாசித்திருக்கிறார். அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கூடம் உட்பட எல்லா வேலை இடங்களிலும் புகைக்குத் தடை போட்டது. பிடிக்காத மதுக்கூட ஊழியர்களின் எச்சிலை முன்னும் பின்னும் சோதித்தார்கள். கோட்டினின் 80 சதவீதம் குறைந்திருந்தது.

குழந்தைகள் பெரியவர்களை விட வேகமாக மூச்சு விடுகிறார்கள், நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அறையை விட்டு எழுந்து போகவும் முடியாது. ஆஸ்துமா, காதில் சீழ், மூச்சுக்குழாய்த் தொற்று, பச்சிளங்குழந்தைகளின் திடீர் மரணம் ஆகியவற்றோடு அடுத்தவர் புகைக்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது.

பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இலைதானே, இயற்கை' என்று திருநெல்வேலிப் பக்கம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பீடி இலை காகிதம் போலக் காற்றை விடாது. இழுக்காமல் வைத்தால் அணைந்துவிடும். அதனால் பிடிப்பவர் அடிக்கடி இழுக்கிறார். கார்பன் மோனாக்சைடும் தாரும் அவருக்குச் சிகரெட்டை விட அதிகமாகவே போகின்றன. எரியும்போது இயற்கை இலையும் விறகு மாதிரிதான்.

இந்தியாவில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் புதிய விதிகளோடு கண்டிப்பாக அமலானது. அபராதம் 200 ரூபாய் வரை. அதற்கு முன்பே 1999இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டன. சட்டம் பொது இடத்தோடு நின்றுவிடுகிறது. 2016-17இல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன பெரியவர்கள் 38.7 சதவீதம். மேன்ஷன் அறையும் யாரோ ஒருவரின் வீடுதான்.

## மணம் போன பிறகு மிஞ்சுவது

புகைத் துளிகள் எல்லாம் வெளியேறிவிடுவதில்லை. கொஞ்சம் சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப் படிந்ததற்கு மூன்றாம் நிலைப் புகை என்று பெயர். முதலில் சொன்ன இரண்டாம் நிலைப் புகையின் மிச்சம் இது. படிந்த நிக்கோட்டின் சும்மாவும் இருப்பதில்லை. கேஸ் அடுப்பும் வாகனங்களும் காற்றில் சேர்க்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, அறைச் சூட்டிலேயே புதிதாக நைட்ரோசமின்களை உண்டாக்குகிறது என்று அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 2010இல் காட்டினார்கள். சிகரெட் அணைந்து வெகுநேரம் கழித்து, நெருப்பே இல்லாமல். இந்தத் துறையின் ஆய்வுகள் அடுத்தவர் புகை ஆய்வுகள் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. ஆனால் தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இது யாரை விடவும் அதிகமாகப் போகிறது என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை.

மேன்ஷனைக் காலி செய்த நாளில், சுவரில் மாட்டியிருந்த தினக் காலண்டரைக் கழற்றினேன். இரண்டு வருடம் அது ஒரே ஆணியில் தொங்கியிருந்தது. அந்த அறைச் சுவர் இளம் பழுப்பு நிறம் என்றே நானும் அறைத் தோழரும் நினைத்திருந்தோம். காலண்டர் இருந்த இடத்தில் மட்டும், அதன் அட்டை அளவுக்கு, சுவர் வெள்ளையாக இருந்தது.